வினையைப் போற்றுவார் வினைச்சொல்லை மறப்பதோ?

தை பிறந்துவிட்டால் தமிழ்நாட்டில் ஊர்தோறும் கலைவிழாக்களும் பிறந்துவிடுகின்றன. கலை மன்றம் என்றும், பண்பாட்டுக் கழகம் என்றும், மரபுக் கலைப் பேரவை என்றும் பெயர் தாங்கிய அமைப்புகள், மாவட்டத் தலைநகர் தொடங்கிச் சிற்றூர்ச் சந்தைத் திடல்வரை பந்தலிட்டு விழா எடுக்கின்றன. பறை முழங்குகின்றது, கரகமும் ஒயிலும் ஆடப்பெறுகின்றன, திடலின் ஓர் ஓரத்தில் கைவினையாளர்க்கென நான்கைந்து கொட்டகைகள் ஒதுக்கப்படுகின்றன. அங்கே குயவர் ஒருவர் திகிரி சுழற்றுகின்றார். பனையோலைப் பெட்டிகளைப் பரப்பி ஓர் அம்மையார் அமர்ந்திருக்கின்றார். தறியொன்றும் கொண்டுவந்து நிறுத்தப்பட்டிருக்கின்றது. மாலையில் இவர்களை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தி, நினைவுப் பரிசு வழங்கி, ஒளிப்படம் எடுத்துக்கொண்டு அனுப்பிவைக்கின்றனர்.

இவ்விழாக்களை எள்ளுவது முறையன்று. பறையை இழிவென்றும் பனையோலையைப் பட்டிக்காடு என்றும் படித்தவர்கள் ஒதுக்கிய காலம் ஒன்றிருந்தது. எவர்சில்வர் ஏனம் வாங்க இயலாதவன் வீட்டில் இருப்பதே மட்குடம் என்று கருதிய காலமும் அதுவே. அந்நிலையை மாற்றி, தம் ஊரில் விளைந்த கைத்திறத்தைத் தம் ஊரார் முன்னிலையிலேயே நிறுத்திப் பெருமைப்படுத்தும் உள்ளம், கைப்பணத்தைச் செலவிட்டு மன்றம் நடத்தும் எளிய அன்பர்களிடமிருந்தே வந்தது. அதற்காக அவர்களைப் பாராட்டியே தீரவேண்டும்.

ஆயினும், அம்மேடைகளிற் பேசப்படும் பேச்சைச் சற்றே செவிகொடுத்துக் கேட்க வேண்டும். "இவர் நாற்பது ஆண்டுகளாக மண்பாண்டம் தயாரிக்கிறார்" என்பர். அடுத்தவரை அழைத்து, "இவர் பாய் தயாரிக்கிறார்" என்பர். அதற்கடுத்தவர் சிலை தயாரிக்கிறார், ஐந்தாமவர் இசைக்கருவி தயாரிக்கிறார், பட்டுப்புடைவையும் தயாரிக்கப்படுகின்றது, பனைவெல்லமும் தயாரிக்கப்படுகின்றது. 'தயார்' என்னும் வேற்றுமொழிச் சொல்லின் வழிவந்த இந்த ஒரே வினை, மேடைக்கு வந்த அத்தனை கைகளையும் ஒரே கையாக்கிவிடுகின்றது. கண்ணாற் கண்டால் வெவ்வேறாகத் தோன்றும் தொழில்கள், காதாற் கேட்டால் ஒன்றாகிவிடுகின்றன.

தமிழ் அவ்வாறு சொன்ன மொழியன்று. மண்ணை வனைந்தான், நூலை நூற்றான், துணியை நெய்தான், ஓலையை முடைந்தான், கயிற்றைத் திரித்தான், கூரையை வேய்ந்தான், பலகையை இழைத்தான், உருளைக் கட்டையைக் கடைந்தான், கல்லைப் பொளிந்தான், செம்பை வார்த்தான், இரும்பை அடித்தான், தோய்த்தான், மணியைப் பதித்தான், பூவைத் தொடுத்தான், சுண்ணாம்பை நீற்றினான், எண்ணெயை ஆட்டினான், முழவுக்குத் தோலைப் போர்த்தான், உப்பளத்தில் உப்பை வாரினான். செங்கல்லுக்குக் கூட அறுத்தல் என்றும் சுடுதல் என்றும் இரண்டு நிலைக்கு இரண்டு சொல் வைத்தான். இச்சொற்களுள் ஒன்றேனும் புலவர் அறையில் அமர்ந்து ஆக்கியதன்று. வேலை செய்த கை கொடுத்தவை அவை. வேலையிடத்தில் இன்றும் வழங்குபவை.

இவற்றை அழகுக்காக அமைந்த பலபெயர் அடுக்கு என்று எண்ணிவிடலாகாது. ஒவ்வொரு வினையும் தன்னுள் ஒரு செய்முறையை அடக்கிக் கொண்டிருக்கின்றது. பாயையே எடுத்துக்கொள்க. பனையோலைப் பாய் முடையப்படுவது. பத்தமடைக் கோரைப்பாயோ நெய்யப்படுவது. இரண்டுமே பாய்தான், தரையில் விரித்தால் இரண்டிலும் படுக்கலாம். ஆனால் ஓலைப்பாயில் ஓலையே குறுக்கும் நெடுக்குமாகச் செல்கின்றது. கோரைப்பாயில் நெடுக்கே பருத்தி நூல் பாவாக நீட்டப்பட, கோரை ஊடையாகக் குறுக்கே புகுந்து செல்கின்றது. பாவும் ஊடையும் உள்ள இடத்திலேதான் நெய்தல் உண்டு. 'முடைந்தார்', 'நெய்தார்' என்னும் இரு சொற்களை அறிந்த சிறுவன், பாயைக் காணாமலேயே அதன் கட்டமைப்பை அறிந்துகொள்வான். 'தயாரித்தார்' என்று கேட்ட சிறுவன் யாதொன்றும் அறியான்.

பத்தமடையைப் பற்றி விழா மேடைகளில் தவறாது சொல்லப்படும் செய்தி ஒன்றுண்டு. 1953-ஆம் ஆண்டு இங்கிலாந்து அரசி எலிசபெத்தின் முடிசூட்டு விழாவிற்கு அவ்வூர்ப் பாய் அனுப்பப்பட்டது என்பது அது. பெருமைதான். ஆனால் அரசியின் பெயரைச் சொல்லுவோர், பொருநையாற்றங்கரைக் கோரையை ஓடும் நீரில் ஊறவைப்பதும், பின் அதனை நாரினும் மெல்லிதாகக் கீறுவதும், சாயம் ஏற்றுவதும், பட்டுபோல் மடிக்கத்தக்க பாயாக நெய்வதும் எத்தனை நாள் உழைப்பு என்று சொல்லுவதில்லை. அவ்வூரில் அதனை நெய்வோர் பெரும்பாலும் தமிழ் முசுலிம் குடும்பத்தார், அவருள்ளும் பெண்டிர், என்பதையும் சொல்லுவதில்லை. தமிழ்க் கைவினை எந்தச் சமயத்தார் கையில் வாழ்கின்றது என்பதனைத் தமிழ் மேடையே சொல்லாவிட்டால் வேறு யார் சொல்லுவர்?

காஞ்சிப் பட்டுக்கும் இதே நிலை. புடைவையின் உடலையும் கரையையும் வெவ்வேறு நிறத்தில், மூன்று நாடாக்கள் ஓட, ஒன்றோடொன்று கோத்து நெய்யும் அருந்திறத்திற்குக் 'கோர்வை' என்று பெயர். பாவு, ஊடை, தார், விழுது, அச்சு, படைமரம், மிதி என்று தறியின் ஒவ்வோர் உறுப்புக்கும் பெயருண்டு. உடலில் ஓடும் மெல்லிய கோட்டுக்கு 'வைரவூசி' என்றும், ஒருவகைக் கட்டத்திற்குப் 'பாலும் பழமும்' என்றும் நெசவாளரும் அவர் வீட்டுப் பெண்டிரும் பெயர் வைத்தனர். உண்ணும் பொருளை உடுக்கும் பொருளுக்குப் பெயராக்கிய அந்த நயத்தை எந்தப் பல்கலைக்கழகமும் கற்றுக்கொடுக்கவில்லை. இன்று கடைக்குச் சென்றால் முந்தியைப் 'பல்லு' என்கின்றனர். கடைக்காரர் சொல்லுவதைக் கேட்டு வாங்குவோர் சொல்லுகின்றனர். வாங்குவோர் சொல்லுவதைக் கேட்டு, விலை போகவேண்டுமே என்று நெசவாளர் மகனும் அவ்வாறே சொல்லத் தலைப்படுகின்றான். முந்தியும் முந்தானையும் தமிழ்ப் பெண்ணின் தோளிலே கிடக்க, அவற்றின் பெயர் மட்டும் கீழே விழுந்துவிட்டது.

இச்செய்தியின் முழு ஆழத்தையும் காண விரும்புவோர், குடந்தையிலிருந்து மயிலாடுதுறை செல்லும் வழியில் உள்ள நரசிங்கம்பேட்டையில் இறங்க வேண்டும். தமிழிசை நூலார் பெருவங்கியம் என்று குறிக்கும் கருவியை, ஊரார் நாகசுரம் என்றே வழங்குவதால் இங்கும் அவ்வாறே சொல்லலாம். அக்கருவிக்குப் பெயர்பெற்ற ஊர் அது. அவ்வூர் நாகசுரத்திற்கு 2022-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. அதனைச் செய்வதற்கு ஆச்சா மரம் வேண்டும். அதுவும் புதிதாக வெட்டிய மரம் உதவாது. பழைய வீடுகளில் தூணாகவும் உத்தரமாகவும் பல்லாண்டுகள் நின்று, ஈரமெல்லாம் வற்றி, இனி வெடிக்கவோ முறுக்கிக்கொள்ளவோ வழியில்லை என்னும்படி முதிர்ந்த கட்டையையே தேடி வாங்குகின்றனர். யாரோ ஒருவருடைய பாட்டன் வீட்டைத் தாங்கி நின்ற தூண், இன்னொருவர் வீட்டுத் திருமணத்தில் பாடுகின்றது.

அக்கட்டையைக் கடைந்து, உள்ளே மேலிருந்து கீழாக விரிந்து செல்லும்படி துளையிட்டு எடுத்த குழலுக்கு 'உலவு' என்று பெயர். கீழே மலர்ந்திருக்கும் வாய் 'அணசு'. மேலே பொருத்துவது 'கெண்டை'. அதில் செருகி ஊதப்படுவது 'சீவாளி'. அது கொறுக்கைத் தட்டையினின்று வேறு கைகளாற் செய்யப்பெறுவது, அதற்கெனத் தனித் திறமும் தனிச் சொற்களும் உண்டு. ஏழு விரல் துளைகளும் அவற்றின் கீழ் மேலும் ஐந்து துளைகளும் இடவேண்டும். துளையின் இடம் மயிரிழை தவறினாலும் ஓசை தவறிவிடும். ஓசை உயர்ந்து ஒலிக்கும் குறுங்குழல் 'திமிரி'. நீண்டு தாழ்ந்தொலிப்பது 'பாரி'. திருவாவடுதுறை இராசரத்தினம் பிள்ளை அவர்கள் தம் இசைக்கு ஏற்ற தாழ்ந்த ஓசையை நாட, நரசிங்கம்பேட்டை இரங்கநாத ஆசாரியார் அதற்கேற்பக் கடைந்து கொடுத்தார். பாரி நாகசுரம் நாடெங்கும் பரவிற்று. இராசரத்தினனாரை அறியாத தமிழர் இலர். கடைந்து கொடுத்த கையை அறிந்தவர் எத்தனை பேர்? ஊதியவரும் கலைஞர், கடைந்தவரும் கலைஞர். ஒருவர்க்கு மேடையும் மற்றவர்க்குப் பட்டறையும் என்று அமைந்தது தொழிலின் இயல்பாக இருக்கலாம். ஒருவர்க்கு வரலாறும் மற்றவர்க்கு மறதியும் என்று அமைந்தது யாருடைய குற்றம்?

உலவு, அணசு, கெண்டை, சீவாளி, திமிரி, பாரி என்னும் ஆறு சொற்களையும், தமிழாசிரியர் பத்துப்பேரை நிறுத்திப் பொருள் கேட்டால், எத்தனைபேர் விடை சொல்லுவர் என்பதை எண்ணிப் பார்க்க அச்சமாகவே இருக்கின்றது.

அங்கிருந்து மேற்கே சுவாமிமலைக்குச் சென்றால் இன்னொன்று காணலாம். மெழுகோடு குங்கிலியமும் எண்ணெயும் கூட்டிக் காய்ச்சி உருவமைத்து, காவிரி வண்டல் மண்ணை அதன்மேற் பூசி, உலர்த்தி, சூடேற்றி மெழுகை உருக்கி வெளியேற்றி, அவ்வெற்றிடத்தில் உருக்கிய செம்புக் கலவையை வார்க்கின்றனர். அங்கே படிமத்தின் அளவை வகுக்கப் பயன்படுவது அடிக்கோலன்று, தென்னங்கீற்று. படிமம் எத்துணை உயரம் வரவேண்டுமோ அத்துணை நீளத்திற்குக் கீற்றை நறுக்கி, கணக்காக மடித்து மடித்து, முகம் இவ்வளவு, மார்பு இவ்வளவு, கால் இவ்வளவு என்று பகுக்கின்றனர். அதற்குப் பெயர் 'ஒடியோலை'. பெயரே செயலைச் சொல்லுகின்றது. படிமம் பெரிதானால் ஓலை நீளும், சிறிதானால் குறுகும், பகுப்பு மட்டும் மாறாது. அளவுகோலே பொருளுக்கேற்ப வளரும் இத்தகைய கணக்கறிவை ஒரு தென்னங்கீற்றில் வைத்திருந்த கூட்டத்தாரைத்தான், 'படிப்பறிவற்ற கைவினைஞர்' என்று சில அழைப்பிதழ்கள் இரக்கத்தோடு குறிப்பிடுகின்றன!

கைவினையும் எழுத்தும் தமிழகத்தில் என்றும் பிரிந்திருந்தனவல்ல. கீழடியில் 2014-ஆம் ஆண்டு தொடங்கிய அகழாய்வில், நூல் நூற்கும் தக்களிகளும் கிடைத்தன. ஆதன், குவிரன் முதலான பெயர்கள் கீறப்பட்ட பானையோடுகளும் கிடைத்தன. சிலப்பதிகாரம் இந்திரவிழாவைப் பாடப் புகும்பொழுது, புகாரின் மருவூர்ப் பாக்கத்தில் வாழ்ந்த கொல்லரையும் தச்சரையும் மண்ணீட்டாளரையும் துன்னகாரரையும் அவரவர் வினைப்பெயரால் நிரல்பட நிறுத்துகின்றது. விழாவைப் பாடுமுன் அவ்வூரில் வேலை செய்வோர் இன்னின்னார் என்று சொல்லிவிடவேண்டும் என்று இளங்கோவடிகள் கருதினார். இன்றைய விழா அழைப்பிதழில் தலைமை, முன்னிலை, வரவேற்பு, வாழ்த்துரை, நன்றியுரை என்று நாற்பது பெயர்கள் அச்சாகின்றன. கொட்டகையில் அமரப்போகும் கைவினையாளர் பெயர்க்கு மட்டும் தாளில் இடமில்லாமற் போகின்றது. 'மற்றும் பலர்' என்பதில் அவர் அடங்கிவிடுகின்றார்.

இனி, தனித்தமிழ் அன்பர்கள் தமக்குள்ளேயே பேசிக்கொள்ள வேண்டிய செய்தி ஒன்றுண்டு. மறைமலையடிகள் 1916-ஆம் ஆண்டு தொடங்கிவைத்த இயக்கம், அயற்சொற்களைக் களைந்து நற்றமிழை நிலைநிறுத்துவதில் ஆற்றிய பணி பெரிது. அலுவலகத்திற்கும் அறிவியலுக்கும் இன்று வழங்கும் சொற்களுட் பல அவ்வுழைப்பின் பயனே. ஆனால் புதுச்சொல் ஆக்குவதில் காட்டிய விரைவை, உள்ள சொல்லைக் காப்பதில் காட்டினரா? மரத்தில் துளையிடும் பொறிக்குத் தமிழ்ச்சொல் யாது என்று கூடி ஆராய்வோர், தச்சர் பட்டறையில் 'துரப்பணம்' என்னும் சொல் தலைமுறை தலைமுறையாக வழங்கிவந்ததை அறிந்திருத்தல் வேண்டும். பலகையை மழமழப்பாக்கும் கருவிக்குப் புதுப்பெயர் புனைவோர், 'இழைப்புளி' என்று ஒரு தச்சரின் மகன் சொல்லக் கேட்டிருத்தல் வேண்டும். பிறக்காத குழந்தைக்குப் பெயர் தேடிக்கொண்டிருக்கையில், பிறந்து வளர்ந்த பிள்ளைகள் வீட்டைவிட்டு ஒவ்வொன்றாக வெளியேறிக்கொண்டிருக்கின்றன.

பாவாணர் இதனை நன்கு உணர்ந்திருந்தார். 1924 முதல் 1936 வரை சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட பேரகரமுதலி, நூறாயிரத்துக்கு மேற்பட்ட சொற்களைக் கொண்டது. எனினும் உலக வழக்குச் சொற்கள் ஏராளமாக விடுபட்டிருப்பதை அவர் பலகாலும் எடுத்துக்காட்டினார். ஏட்டு வழக்கை மட்டும் நம்பித் தமிழின் பரப்பை அளத்தல் கூடாது என்பது அவர்தம் கொள்கை. 1974-இல் செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டம் அமைந்து அவர் இயக்குநரானார். 1981-இல் அவர் மறைந்தார். கரிசல் நிலத்து உழவராகிய கி. இராசநாராயணன், கல்லூரிப் படிப்பேதுமின்றி, தம் வட்டார வழக்குகளை அகரமுதலியாக்கி 1982-இல் வெளியிட்டார். தனியொருவர் தம் ஊர்ப் பேச்சைக் கேட்டு இதனைச் செய்யக்கூடுமாயின், நூறு உறுப்பினரும் ஆண்டுக்கொரு பெருவிழாவும் உடைய ஒரு கலை மன்றம் செய்யக்கூடாதது யாது?

இங்கே ஒரு தடை எழுப்பப்படும். அது புறக்கணிக்கத்தக்கதும் அன்று. மரபுத்தொழிலைப் போற்றுவது குலத்தொழிலைப் போற்றுவதாகாதா என்பதே அது. 1953-இல் இராசகோபாலாச்சாரியார் முதலமைச்சராக இருந்தபொழுது, பாதிநாட் பள்ளியும் எஞ்சிய நேரம் தந்தையின் தொழிலுமாக ஒரு கல்வித் திட்டம் வந்ததும், குலக்கல்வி என்று நாடே அதனை எதிர்த்து எழுந்ததும், 1954-இல் காமராசர் ஆட்சிக்கு வந்ததும் அது கைவிடப்பட்டதும் தமிழர் மறக்கக்கூடிய வரலாறல்ல. 2023-இல் நடுவணரசு 18 மரபுத்தொழில்களுக்கென ஒரு கடனுதவித் திட்டத்தைக் கொணர்ந்தபொழுதும் அதே ஐயம் எழுந்தது. குடும்பத் தொழிலை வற்புறுத்தும் அவ்வடிவத்தில் ஏற்க இயலாதென 2024-இல் தமிழ்நாட்டரசு மறுத்து, குல வேறுபாடின்றி 25 தொழில்களுக்கு வேறொரு திட்டத்தை வகுத்துக்கொண்டது.

ஆகலின் விழா மேடைகளில், "ஏழு தலைமுறையாக இதே தொழில், இவர் குருதியிலேயே ஊறியது" என்று முழங்குவோர் நாவை அடக்கிக்கொள்ளல் நலம். திறம் குருதியில் ஊறுவதன்று. கையிற் பழகுவது, சொல்லாற் கற்பிக்கப்படுவது. மாமல்லபுரத்தில் 1957-ஆம் ஆண்டு அரசு தொடங்கிய சிற்பப் பயிற்சி நிலையம், பின்னர்க் கல்லூரியாக வளர்ந்து, இக்குடியிற் பிறந்தவர்தாம் உளி எடுக்கலாம் என்ற வரையறையின்றிக் கற்பித்துவருகின்றது. குயவர் மகள் மருத்துவம் படிக்கட்டும். மருத்துவர் மகன் விரும்பினால் மண் வனையட்டும். முன்னது நடக்கப் பள்ளி வேண்டும்; அது ஓரளவு வந்துவிட்டது. பின்னது நடக்க, தொழிலின் சொல்லும் முறையும் எழுத்தில் இருத்தல் வேண்டும். அது இன்னும் வரவில்லை. தந்தை வாயிலிருந்து மகன் காதுக்கு மட்டுமே சொல்லப்பட்டுவரும்வரை, தொழில் அக்குலத்திற்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கும். அம்மகன் நகரத்துக்குப் போய்விட்டால் அதுவும் அன்றே முடிந்துவிடும். தொழிற்சொற்களைத் தொகுத்து அச்சிடுவது, பழமையைப் பெட்டியில் வைத்துப் பூட்டும் வேலை என்று யாரும் கருதவேண்டா. குலம் பூட்டிவைத்த கதவைத் திறக்கும் வேலை அது.

புவிசார் குறியீடு வந்துவிட்டதே, இனிக் கவலை என்ன என்று அமைதி கொள்வோரும் உளர். 1999-இல் இயற்றப்பட்டு 2003-இல் நடைமுறைக்கு வந்த அச்சட்டம், போலிப் பொருள் இன்ன ஊர்ப் பெயரைத் தாங்கி விற்பதைத் தடுக்க உதவும், அது நற்பயனே. அதற்கான பதிவகமும் சென்னையிலேதான் இருக்கின்றது. ஆனால் தொழிலின் முறைகளையெல்லாம் விரித்துரைக்கும் விண்ணப்பங்கள் ஆங்கிலத்திலேயே எழுதப்படுகின்றன. உலவும் அணசும் ஆங்கில எழுத்தில் ஏறி, எவரும் புரட்டாத இதழொன்றில் உறங்குகின்றன. தம் தொழிலைப் பற்றி அரசு ஏற்றுக்கொண்ட விளக்கத்தை, அத்தொழிலைச் செய்பவரே படித்துச் சரிபார்க்க இயலாத நிலை தமிழ்நாட்டின் தலைநகரில் இருக்கின்றது.

பிற மொழியார் தம் விழாக்களை எவ்வாறு நடத்துகின்றனர் என்பதற்கு வேல்சு நாடு நல்ல எடுத்துக்காட்டு. ஆங்கிலத்தின் மடியிலேயே கிடந்து நசுங்கிய சிறு மொழி வேல்சு மொழி. அவர்கள் 1861 முதல் ஆண்டுதோறும் 'ஐசுடெத்வோடு' என்னும் கலைப் பெருவிழாவை நடத்துகின்றனர். 1950 முதல் அவ்விழா மேடையில் வேல்சு மொழியே ஒலிக்கவேண்டும் என்று நெறிப்படுத்திக்கொண்டனர். மரபுப் பாவில் வென்ற புலவர்க்கு அங்கே அளிக்கப்படும் பரிசு, புதிதாக இழைக்கப்பட்ட ஒரு மர இருக்கை! புலவரை அதில் அமர்த்திச் சிறப்பிக்கின்றனர். 1917-ஆம் ஆண்டு விழாவில் வென்றவர் பெயரை அழைத்தபொழுது, அவர் சில கிழமைகளுக்கு முன் போர்க்களத்தில் மாண்டுவிட்டார் என்று தெரியவந்தது. வெற்றிருக்கையின்மேல் கருந்துணி போர்த்தினர். அவ்விருக்கையைச் செதுக்கியவர், பெல்சியத்திலிருந்து ஏதிலியாக வந்திருந்த ஒரு மரச்சிற்பி. புலவர் பெயரோடு அவ்வேற்றுநாட்டார் பெயரையும் அம்மக்கள் இன்றுவரை நினைவில் வைத்திருக்கின்றனர். சொல்லில் வல்லவரையும் மரத்தில் வல்லவரையும் ஒரே பரிசில் இணைத்துவிட்டது அவ்விழா. தமிழ்நாட்டு விழாக்களிலோ பட்டிமன்றத்திற்கு ஒரு மேடை, கைவினைக்கு ஒரு மூலை; இடையிலே தீனிக் கடைகள்.

அம்மூலைக்கும் 'கிராப்ட்டு பசார்' என்றும் 'எக்சுபோ' என்றும் பெயர்ப்பலகை தொங்குகின்றது. பலகையைத் தமிழில் எழுத எந்த அரசாணையும் தேவையில்லை. ஒரு மணித்துளி எண்ணமும் ஒரு கையளவு வண்ணமும் போதும்.

மன்றங்கள் செய்யத்தக்கது பெரும்பொருட் செலவுடையதன்று. ஒவ்வொரு மன்றமும் தன் ஊரிலோ பக்கத்து ஊரிலோ உள்ள ஒரே ஒரு தொழிலைத் தேர்ந்துகொள்ளட்டும். செட்டிநாட்டு மன்றத்திற்கு ஓலைக் கொட்டான். மானாமதுரை மன்றத்திற்குக் கடம். நாகைக் கடற்கரை மன்றத்திற்குப் படகு. கட்டுமரம் என்னும் சொல்லையே உலக மொழிகளுக்கு ஈந்த கடற்கரையில், அக்கட்டுமரத்தின் உறுப்புப் பெயர்கள் இன்னும் எத்தனை ஆண்டு வாழும்? உள்ளூர்ப் பள்ளித் தமிழாசிரியரும் மேல்வகுப்பு மாணாக்கர் நால்வரும் போதும். கருவி, கருவியின் உறுப்பு, மூலப்பொருள், அதன் வகை, செயல், குறை, அளவு என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டெழுத வேண்டும். குறையைக் குறிக்கும் சொற்களை விட்டுவிடலாகாது. பானை எதனால் விண்டது, பாவு எதனால் அறுந்தது என்று தொழிலாளர் தமக்குள் பேசிக்கொள்ளும் சொற்களிலேதான் தொழிலறிவு செறிந்திருக்கும். கைப்பேசியில் குரலைப் பதிந்துகொண்டு, பொருளின் படத்தை வரைந்து, உறுப்புக்கு நேரே பெயரை எழுதவேண்டும். ஒலித்தவாறே எழுதுக; இலக்கண வடிவம் இதுவாக இருக்கலாம் என்பதைப் பக்கத்தில் எழுதுக; முன்னதை அழித்துவிட்டுப் பின்னதை எழுதாதொழிக. வேற்றுச்சொல் கலந்திருந்தால் அதனையும் மறையாது குறித்துவைக்க வேண்டும். எந்தச் சொல் எப்பொழுது புகுந்தது என்பதும் அறியவேண்டியதே. தனித்தமிழ் அன்பர்க்கு இது சற்றுக் கசக்கும். கசந்தாலும் செய்யவேண்டும்.

சொன்னவர் பெயரும் ஊரும், அவர் இசைந்தால், நூலின் முகப்பிலேயே அச்சாக வேண்டும்; தொகுத்தவர் பெயர் பின்னே வரலாம். விழா மேடையில் அவர்க்கு நாற்காலி இட்டு, அத்தொழிலைப் பற்றி அவரையே பத்து மணித்துளி பேசவைக்க வேண்டும். அவரைப் பற்றி மற்றவர் பேசியது போதும். சொல் சொல்ல அமர்ந்த நாளில் அவர் வேலை கெட்டிருக்கும். அந்நாட் கூலியைப் பொன்னாடைக்கு ஒதுக்கிய தொகையிலிருந்தே எடுத்துக் கொடுத்துவிடலாம். பொன்னாடையைப் போர்த்திக்கொண்டு யாரும் தறியில் அமர்வதில்லை.

காலம் பார்த்துச் செல்வதும் தேவை. வெயில் நாளில் குயவரிடமும் நெசவாளரிடமும் போய் நின்றால், வேலைக்கு இடையூறாகும். ஐப்பசி அடைமழையில் வனைந்த பானை உலராது. தெருவில் பாவு நீட்டவும் இயலாது. திகிரியும் தறியும் ஓய்ந்திருக்கும் அந்நாள்களில், திண்ணையில் அமர்ந்து பொறுமையாகச் சொல்ல அவர்களுக்கும் நேரம் இருக்கும். அப்பொழுது தொடங்கினால் தைக்குள் நாற்பது பக்கச் சிறுசுவடி ஒன்று அச்சாகிவிடும்.